அக்காவுக்கு என்ன சைஸ்?

செம்மேடு பஸ் நிலையத்தை ஒட்டிய டீக்கடையில், ஒரு சிவப்பு ஜாக்கெட்டை மேசைமேல் விரித்து, இஞ்ச் டேப்பால் அளந்துகொண்டிருந்தேன். மேசையில் டீ சிந்திய ஈரம் இருந்ததால் அடியில் அன்றைய செய்தித்தாளைப் போட்டிருந்தேன். காலை வண்டிக்குக் காத்திருந்த பத்துப் பேரும் செய்தியை விட்டுவிட்டு ஜாக்கெட்டைப் பார்த்தார்கள்.

"ஏனுங்க, இந்தத் தொழில் எப்பத்துல இருந்து?" என்றார் நாமக்கல் வண்டிக் கண்டக்டர். "போன மாசம் வரைக்கும் மெளகு யாவாரம்னீங்க."

"எங்க அக்கா ஜாக்கெட்டுங்க. ஜெர்மனிக்கு அளவு அனுப்போணும்."

"ஏன், இங்க டெய்லர் யாரும் இல்லீங்களா?"

"ஜாக்கெட்டுக்கு இல்லீங்க. கோட்டுக்கு."

டீ மாஸ்டர் வடிகட்டியைத் தட்டியபடியே சொன்னார்: "பாத்து அளங்க. அவிய ஊருக் குளிரு ஒரு இஞ்சு சந்து கெடச்சாலும் உள்ள பூந்துரும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த ஒரு இஞ்சில்தான் அக்காவின் பயணமே தொங்கிக்கொண்டிருந்தது.

போர்வெல் லாரியோடு ஒரிசா போன கதையை இந்தத் தொடரில் போன வாரம் பாதி வழியில் நிறுத்தியிருந்தேன். லாரி அங்கேயே நிற்கட்டும், டிரைவர் தூங்கட்டும். இது சமீபத்தில் நடந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

டெல்லியில் ஆடிய பல்

என் அக்கா பெயர் வெள்ளையம்மாள். எங்கள் மலையில் குண்டூர் நாடு என்கிற பகுதியில் சாமை, தினை, கேழ்வரகு, கொஞ்சம் மரவள்ளி, கொஞ்சம் மிளகு என்று எல்லாம் வைத்திருக்கிறாள். மற்றவர்கள் விட்டுவிட்ட சாமை வகைகள்கூட அவளிடம் விதையாக இருக்கும். சுரைக்குடுக்கையில் போட்டு, சாம்பல் கலந்து, அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருப்பாள்.

இந்த விதைகளுக்காகத்தான் சில வருஷங்களுக்கு முன் அவளை டெல்லிக்குக் கூப்பிட்டார்கள். ஜனவரி மாதம். நான்தான் என் ஜெர்கினைக் கொடுத்து அனுப்பினேன். அதன் ஜிப் அவளுக்குப் பாதிக்கு மேல் ஏறவில்லை. மேடையில் மைக்கைக் கையில் கொடுத்தபோது பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. "வணக்கம்" என்றாள். அதற்கு மேல் வாய் ஒத்துழைக்கவில்லை.

பக்கத்தில் இருந்த ஒருவர் மைக்கை வாங்கிக்கொண்டார். அக்கா கொண்டுபோன கதிரைத் தூக்கிப் பிடித்து, அது தினை என்று சபைக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அது சாமை.

அக்கா வாழ்க்கையில் எவ்வளவோ பார்த்தவள். ஒரு மழையில் வீட்டுச் சுவர் விழுந்தது, திரும்பக் கட்டினாள். மாமா செத்துப்போனார், காடு தரிசாகாமல் பார்த்துக்கொண்டாள். அதையெல்லாம் பேசவே மாட்டாள். ஆனால் "எஞ் சாமையத் தினைன்னு சொல்லீட்டு உக்காந்தான் பாரு" என்பதை மாதம் ஒரு தடவையாவது சொல்லாமல் இருந்ததில்லை.

இந்த முறை அழைப்பு ஜெர்மனியிலிருந்து. சிறுதானியம் பயிரிடுகிறவர்களின் கூட்டம், அதுவும் பிப்ரவரியில். அக்கா பத்து நிமிஷம் பேச வேண்டும். வேளாண்மை அலுவலகத்தில் இருந்த தூத்துக்குடி மேடம் பாஸ்போர்ட், விசா எல்லாவற்றையும் ஓடி ஓடி முடித்தார். கடைசியில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணே, நீங்க வெளிநாடு எல்லாம் போனவரு. கோட்டு விஷயம் உங்க பொறுப்பு."

அக்கா தன் நிபந்தனையைச் சொல்லிவிட்டாள்.

"கோட்டு சரியா இருந்தா போறேன். பத்தாத கோட்டுன்னா எம் பேர அடிச்சுருங்க. இன்னொருக்கா வணக்கம் மட்டும் சொல்லீட்டு வர எனக்குத் தெம்பு இல்ல."

ஒரே ஒரு ஆர்டர்

அங்கே அக்காவைத் தன் வீட்டில் தங்கவைக்க ஒரு பெண் ஒத்துக்கொண்டிருந்தாள். பெயர் கவிதா. பிறந்தது சேலம், வாழ்க்கைப்பட்டது ஜெர்மனி. முதல் நாளே போனில் பேசினாள்.

"அண்ணா, சேலத்துல வாங்குற ஸ்வெட்டரெல்லாம் இந்தக் குளிருக்குத் தாங்காது. நான் இங்கேயே ஆன்லைன்ல போட்டு வாங்கி வெச்சுடறேன். ஆனா வந்துசேர ஒரு வாரம் ஆகும். மாத்தி வாங்க நாள் இல்ல. அக்கா வந்த மறுநாள் காலையிலேயே கூட்டம். சைஸ் மட்டும் கரெக்டாச் சொல்லிடுங்க. அக்காவுக்கு என்ன சைஸ்?"

நான் அக்காவிடம் கேட்டேன். "உனக்கு என்ன சைஸு?"

"என்னது?"

"சைஸு. அளவு."

"அதுக்குத்தான் அளவு ஜாக்கெட்டு இருக்குதே" என்று உள்ளே போனவள், தகரப் பெட்டியைத் திறந்து அந்தச் சிவப்பு ஜாக்கெட்டை எடுத்துவந்து என் மடியில் போட்டாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. சேலைக்கு சைஸ் உண்டா? ஒல்லிக்கும் அதே நீளம், பருமனுக்கும் அதே நீளம். ஜாக்கெட்டுக்கு, முன்பு தைத்த ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால் டெய்லர் அதைப் பார்த்துத் தைத்துவிடுவார். எங்கள் பக்கத்தில் எந்த டெய்லரும் ஒரு பெண்மேல் டேப்பை வைத்து நான் பார்த்ததில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய அக்காவிடம் "உன் எண் என்ன" என்று உலகத்தில் யாரும் அதுவரை கேட்டதில்லை.

எம் என்றால் எது எம்?

எனக்குப் பெரிய படிப்பு கிடையாது. ஏழாவது பாதியில் மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கினேன், அப்படியே போய்விட்டேன். ஆனால் சைஸ் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. காரணம், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஒன்றரை வருஷம் பேக்கிங்கில் இருந்தேன். நாள் முழுக்க நின்றுகொண்டு எஸ், எம், எல் என்று ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. கால் வீங்கும், சனிக்கிழமை வடியும்.

அங்கேதான் ஒரு ரகசியம் தெரிந்தது. ஒரே பனியன், ஒரே அளவு. ஒரு நாட்டுக்குப் போகிற பெட்டியில் அதற்கு எம் ஒட்டுவோம். இன்னொரு நாட்டுக்குப் போனால் அதுவே எல். முதல் நாள் தப்பு நடந்துவிட்டது என்று பதறி சூப்பர்வைசரிடம் ஓடினேன். அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "ஆளுக்கு ஆளு நாட்டுக்கு நாடு மாறும்டா, எழுத்தப் பாக்காத, இஞ்சப் பாரு" என்றார். நான் படித்த படிப்பில் உருப்படியானது அதுதான்.

இவ்வளவு தெரிந்தவன்தான் பிறகு மஸ்கட்டில் போய் ஏமாந்தேன். கட்டட வேலை. ஒரு அறையில் எட்டுப் பேர், கட்டில் நான்கு. ஷிப்ட் மாறினால் கட்டிலும் மாறும். முதல் தடவை ஊருக்கு வரும்போது அக்காவுக்கு ஒரு நைட்டி வாங்கினேன். கடைக்காரர் சைஸ் கேட்டார். இரண்டு கையையும் காற்றில் விரித்து ஒரு வட்டம் காட்டினேன். அவர் என் வட்டத்தைப் பார்த்தார், உள்ளே போனார், ஒன்றைக் கொண்டுவந்தார். ஊரில் வந்து பிரித்தால், அக்காவும் பக்கத்து வீட்டுக்காரியும் ஒன்றாக உள்ளே நுழையலாம். அக்கா அன்றைக்கே ஓரத்தைப் பிரித்து அதை மிளகு காயப்போடும் விரிப்பாக்கிவிட்டாள். இன்றைக்கும் அதில்தான் காய்கிறது. பூப்போட்ட மஞ்சள் துணி.

அதே அறையில் செஞ்சிப் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தார். அவர் கடைக்குப் போனால் தப்பாது. அவர் மனைவி கடிதத்தில் ஒரு நூல் வைத்து அனுப்பியிருந்தாள். போனில் எண்களைச் சொல்ல அந்த அம்மாவுக்குக் கூச்சம். பக்கத்தில் மாமியார் நிற்பார். அதனால் நூலில் முடிச்சு. ஒரு முடிச்சு வரைக்கும் தோள், இரண்டு முடிச்சு மார்பு, மூன்று முடிச்சு இடுப்பு. அவர் அந்த நூலைப் பர்ஸில் அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்திருந்தார். கடையில் சுடிதாரை விரித்து அதன்மேல் நூலை நீட்டிப் பார்ப்பார். சில சமயம் ஒன்றும் வாங்காமல் அறையிலேயே எடுத்து நீட்டிப் பார்த்துவிட்டு மடித்து வைப்பார். நாங்கள் கேலி செய்ததில்லை.

முப்பத்திரண்டு

டீக்கடைக்குத் திரும்புகிறேன்.

திருப்பூர் முறைப்படி ஜாக்கெட்டை மட்டமாக விரித்து, அக்குளுக்கு அக்குள் அளந்து, இரண்டால் பெருக்கினேன். முப்பத்திரண்டு. எழுத்தை அனுப்பாமல் இஞ்சையே அனுப்பினேன். சூப்பர்வைசர் இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார். கவிதாவிடமிருந்து பதில் வந்தது: 'சூப்பர் அண்ணா. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆர்டர் போட்டுவிடுகிறேன்.' அவளுக்கு மதியம் என்றால் நமக்குச் சாயங்காலம்.

வேலை முடிந்த நிம்மதியில் டேப்பைத் திருப்பிக் கொடுக்க எதிரே ராசு டெய்லர் கடைக்குப் போனேன். அக்காவுக்கு இருபது வருஷமாக அவன்தான் தைக்கிறான். எனக்கு ஏழாம் வகுப்பு வரை பெஞ்ச் கூட்டாளி.

"எதுக்கு மாப்ள காலைல டேப்ப வாங்கீட்டுப் போன?"

சிவப்பு ஜாக்கெட்டைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். அவன் மிதித்துக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினான். வாயில் வைத்திருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினான். அப்புறம்தான் சிரித்தான். சிரிப்பதற்கு முன் இவ்வளவு ஏற்பாடு செய்த ஆளை நான் பார்த்ததில்லை.

"இத அளந்தா அனுப்புன? அட கெரகமே! இது உங்க அக்கா இங்க மொதமொதல்ல தெச்ச ஜாக்கெட்டு. இதப் போட்டே பதினஞ்சு வருசம் இருக்கும். ஒவ்வொரு வாட்டியும் இதத்தான் அளவுக்குன்னு கொண்டாந்து வெப்பாங்க. நானும் சரீங்கக்கான்னு வாங்கி வெச்சுக்கிட்டு, நாலு விரல் சேத்துத் தெச்சுக் குடுத்துருவேன்."

"நாலு விரலா?"

"எங் கை விரலு. உங் கையில எண்ணாத."

என் இடது கை நடுவிரலில் பாதி போர்வெல் கம்பியோடு போய்விட்டது. அவன் அதைச் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது.

"அக்காகிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"என்னன்னு சொல்றது? 'எனக்கு இன்னும் அதே அளவுதான் ராசு'ன்னு நெஞ்ச நிமுத்தீட்டுப் போறவங்ககிட்ட நாலு விரல்னு சொல்லச் சொல்றியா? நீ சொல்லு பாக்கலாம்."

மணி பதினொன்று. கவிதாவின் மதியத்துக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. 'ஆர்டர் போட வேண்டாம்' என்று போன் அடித்தேன்; எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன், படித்த அடையாளம் விழவில்லை. குண்டூர் நாட்டுப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் ஒரே யோசனை. அந்த நாலு விரலை எந்த வாயால் சொல்வது?

ஏணிமேல் அக்கா

அக்கா மிளகு பறித்துக்கொண்டிருந்தாள். சில்வர் ஓக் மரத்தில் மூங்கில் ஏணியைச் சாய்த்து, இடுப்பில் சாக்குப்பையைக் கட்டி, கொடிக்குள் பாதி மறைந்து நின்றாள். கீழே மஸ்கட் நைட்டி விரித்திருந்தது. அதில் பச்சையும் சிவப்புமாக மிளகுச் சரம்.

"அக்கா, கீழ எறங்கு. ஒரு விசயம்."

"அங்கிருந்தே சொல்லு சாமி. காது நல்லாத்தான் கேக்குது."

"இன்னொருக்கா அளவெடுக்கோணும்."

"எதுக்கு? ஜாக்கெட்டத்தான் குடுத்தனே."

"அது வந்து... கொஞ்சம் பழைய ஜாக்கெட்டு."

மேலே கை நின்றது. ஒரு மிளகுச் சரம் என் தோளில் விழுந்தது.

"ராசு சொல்லீட்டானா?"

"என்னது?"

"நாலு விரல்."

அவள் சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது, ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"தெரியுமா உனக்கு?"

"போடறவளுக்குத் தெரியாதாடா? அவன் பெரிய கமுக்கமாட்டம் சேத்துத் தெக்கறான், நானும் தெரியாத மாதிரியே வாங்கீட்டு வாரேன். இப்பப் போடற ஜாக்கெட்ட அளவுக்குக் குடுத்தன்னு வெய்யி, பழக்க தோசத்துல அதுலயும் நாலு விரல் சேப்பான். அப்புறம் அதுக்குள்ள நான் குடித்தனம் பண்றதா?"

"அப்ப எங்கிட்ட எதுக்கு அதக் குடுத்த?"

"நீயும் நாலு விரல் சேத்துக்குவேன்னுதான்! ஒலகம் சுத்துனவன், அளவு ஜாக்கெட்டுன்னா சேக்கோணும்னு இதுகூடவா தெரியாது?"

திருப்பூர், மஸ்கட், ஒரிசா மூன்றும் என் முகத்தில் ஒன்றாக வழிந்தன.

அக்கா இறங்கிவந்தாள். சிரிப்பு போய்விட்டது. "அனுப்பீட்டியா?" என்றாள்.

"அனுப்பீட்டேன். சாயங்காலத்துக்குள்ள மாத்தீரலாம். டேப்பு இல்ல, அவசரத்துல ராசு கடையிலயே வெச்சுட்டு வந்துட்டேன். ஊட்டுல ஏதாச்சும் இருக்குதா?"

"டேப்பெல்லாம் வேண்டாம். நம்பரு எந் தலைக்குள்ள ஏறுனா எறங்காது."

அப்போதுதான் செஞ்சிக்காரரின் நூல் எனக்கு ஞாபகம் வந்தது. சொன்னேன். அக்கா மூட்டை தைக்கும் சணலில் ஒரு நீளத்தை வெட்டிக்கொண்டு தோட்டத்துக் குடிசைக்குள் போய்ப் படலைச் சாத்திக்கொண்டாள்.

வெகுநேரம் ஆயிற்று. உள்ளே எதையோ கவிழ்த்தாள், எதையோ இழுத்தாள். நான் வெளியே உட்கார்ந்து மிளகில் இலை பொறுக்கினேன்.

அவள் வெளியே வந்தபோது அடையாளம் தெரியவில்லை. இரண்டு ஜாக்கெட், அதன்மேல் என் பழைய ஸ்வெட்டர், அதன்மேல் சேலை, இடுப்பில் சுருக்குப்பை. வேர்வை கொட்டியது. கையில் முடிச்சுப் போட்ட சணல்.

"இதெல்லாம் எதுக்கு?"

"கோட்ட வெறும் ஒடம்புலயா போடுவாங்க? இதெல்லாம் உள்ள இருக்கோணுமில்ல? கைய மேல தூக்கி வெச்சும் அளந்திருக்கறேன். கதிரத் தூக்கிக் காட்டறப்ப அக்குள்ள இழுத்துப் புடிக்கக் கூடாது."

ஒன்றரை வருஷம் ஸ்டிக்கர் ஒட்டிய எனக்கு இது தோன்றவே இல்லை.

சணலை அளக்க ஊரில் ஒரு ஸ்கேல் கிடைத்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பள்ளிக்கூடப் பையில். அளந்து காகிதத்தில் குறித்துக்கொண்டேன். ஆனால் அனுப்ப சிக்னல் இல்லை. அந்தத் தோட்டத்தில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் ஏணியின் மேல்படி.

ஏறினேன். அக்கா கீழே பிடித்துக்கொண்டாள். போன் உடனே அடித்தது, கவிதாதான்.

"அண்ணா, மெசேஜ் இப்பத்தான் பாத்தேன். ஆர்டர் பட்டன்மேல கை இருக்கு. என்ன ஆச்சு?"

"அளவு மாறீருச்சும்மா. எழுதிக்க."

"சத்தமாச் சொல்லாதடா!" என்று கீழிருந்து ஒரு கத்தல். "அந்தப் பக்கத்துத் தோட்டத்துல ஆளு இருக்குது!"

பக்கத்துத் தோட்டத்தில் மிளகு பறித்தவர்கள் எல்லோரும் அந்தக் கத்தலைக் கேட்டுத்தான் இந்தப் பக்கம் திரும்பினார்கள். நான் மரத்தை ஒரு கையால் கட்டிக்கொண்டு, மறு கையால் எண்களைத் தட்டி அனுப்பினேன்.

கவிதா படித்துப் பார்த்தாள். "அண்ணா, காலைல ஒரு அளவு, இப்ப ஒரு அளவு. ரெண்டும் ஒரே ஆளுதானா?"

"ஒரே ஆளுதாம்மா. காலைல வந்தது ரொம்பப் பழைய அளவு. இதுல ஸ்வெட்டர், சேலை, சுருக்குப்பை எல்லாம் சேந்திருக்குது."

அவள் சிரித்த சத்தம் கீழே அக்காவுக்கே கேட்டது. "போட்டுட்டேன் அண்ணா" என்றாள்.

ஒரு கதிர்

அக்கா போனாள். சென்னை வரை கூடப் போய்விட்டு வந்தேன். விமான நிலைய வாசலில், உள்ளே போகும்போது, "கோட்டு பத்தலைன்னா அதே வண்டில திரும்பீருவேன்" என்று விமானத்தைப் பற்றிச் சொன்னாள். அந்த இரண்டு நாளும் நான் போனைக் கையைவிட்டு இறக்கவில்லை.

மூன்றாம் நாள் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது கவிதா ஒரு வீடியோ அனுப்பினாள். டீ மாஸ்டர், கண்டக்டர், ராசு எல்லோரும் என் தோளுக்குப் பின்னால் கூடினார்கள்.

கூட்டம் ஏதோ பெரிய பண்ணைக் கொட்டகையில் நடந்திருக்கிறது. பேசுகிறவர்கள் வாயிலிருந்து புகை வருகிறது. அக்கா நடந்துவந்தாள். முழங்காலுக்குக் கீழே வரை கோட், கருநீலம். பொத்தான் அத்தனையும் போட்டிருந்தாள். அடியில் சேலைக் கரை மட்டும் தெரிந்தது. இடுப்புப் பக்கம் மட்டும் லேசாகப் புடைத்திருந்தது, சுருக்குப்பை.

வணக்கம் சொன்னாள். நாங்கள் நால்வரும் மூச்சை நிறுத்தினோம். அடுத்த வார்த்தையும் வந்தது. அதற்கு அடுத்ததும் வந்தது. பல் ஆடவில்லை. கதிரை எடுத்து, கையைத் தலைக்கு மேல் முழுதாகத் தூக்கிக் காட்டினாள். கோட் எங்கும் இழுக்கவில்லை.

"இது சாமைங்க" என்றாள். "தினை இல்லீங்க. சாமை."

கவிதா அதை ஜெர்மன் மொழியில் சொன்னாள். அங்கே யாருக்கும் அந்த இரண்டாவது வரி எதற்கு என்று புரிந்திருக்காது. இங்கே டீ மாஸ்டர் எல்லோருக்கும் ஒரு டீ போட்டார்.

ராசு மட்டும் வீடியோவை இன்னொரு தடவை போடச் சொன்னான். தோள் தையலையே பார்த்துக்கொண்டிருந்தான். "நல்லாத் தெச்சிருக்கறான்" என்றான், கொஞ்சம் பொறாமையோடு.

அக்கா திரும்பி வந்த வாரம் செம்மேட்டுச் சந்தைக்கு அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டே வந்தாள். வெயில் அடித்தது, அவள் கழற்றவில்லை. ராசு கடைமுன் நிற்க, அவன் ஓடிவந்து கோட்டின் காலரைத் திருப்பி உள்ளே பார்த்தான்.

"என்ன தேடற?"

"சைஸு போட்ட துணி ஒண்ணு இருக்குமேங்கக்கா. அதப் பாத்தா இனிமே நானும் சரியாத் தெப்பேன்."

"அத அங்கியே கத்திரிச்சுப் போட்டுட்டேன்" என்றாள் அக்கா. கைப்பையைத் திறந்தாள். புது ஜாக்கெட் துணி ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அதன்மேல் அந்தச் சிவப்பு ஜாக்கெட்டை வைத்தாள்.

"இந்தா அளவு. எனக்கு இன்னும் அதேதான் ராசு."

"சரீங்கக்கா" என்றான் ராசு.

இந்தத் தொடரில் நான் ஜெயில் வாசல்வரை போனதை எழுதியிருக்கிறேன். பசியில் கல்யாண மண்டபத்தில் அழைப்பில்லாமல் சாப்பிட்டதை எழுதியிருக்கிறேன். ஆனால் ஏணிமேல் இருந்து நான் அனுப்பிய எண்களை எழுத எனக்கு அனுமதி கிடையாது. சணல் அக்காவிடம் இருக்கிறது. முடிச்சுகளை அவிழ்த்து, அதே சணலில் ஒரு மிளகு மூட்டையைத் தைத்துவிட்டாள்.

வாசகர் யாராவது கேட்டால் முப்பத்திரண்டு என்று சொல்லச் சொல்லியிருக்கிறாள்.